சுவரில பூஞ்சணம், பழி யாருக்கு?

வாடகை வீட்டுச் சுவரில பூஞ்சணம் பிடிச்சால் முதலில் வருகிற கேள்வி எங்கள் எல்லாருக்கும் பழக்கம்: “ஜன்னலைத் திறக்கிறேல்லையோ? உள்ளுக்க உடுப்புக் காயப்போடுறீங்களோ?” இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது.

அங்கே கோர்பல்ஸ் என்பது நெரிசலான தொழிலாளர் குடியிருப்பு. பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பாவித்த பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 1957இல் அனுமதி கிடைத்தது. 1960களின் கடைசியில் ஹட்சசன்டவுன் ‘ஈ’ பிரிவில் ஏழு மாடித் தொடர்மாடிகள் எழும்பத் தொடங்கின. கெதியாகக் கட்டி முடிக்க வேணும். அதனால் வார்த்த கொங்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்துகிற ‘ட்ரகோபா’ என்ற பிரெஞ்சு முறையைத் தெரிவு செய்தார்கள். அல்ஜீரியாவின் வெயிலில் பயன்பட்ட முறை அது. கிளாஸ்கோவோ வருசம் முழுக்க மழை தூறுகிற ஊர். 1972இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்து வைத்தார்.

கொஞ்சக் காலத்திலேயே சுவர்த்தாள் உரிந்தது. உடுப்பிலும் கட்டிலிலும் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. முறைப்பாடு செய்தவர்களுக்கு மாநகர சபை சொன்ன பதில்: பிழை கட்டடத்தில் இல்லை, நீங்கள் வாழும் முறையில்தான். ஹீற்றரைக் கூடப் போடுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ. அளவுக்கு மீறி மூச்சு விடுகிறார்கள் என்றுகூடச் சொன்னார்களாம்!

இதில் பாதி உண்மை இருக்கிறதுதான் சிக்கல். சமைக்க, குளிக்க, மூச்சு விட நீராவி காற்றில் சேரும். அது குளிர்ந்த சுவரில் பட்டால் தண்ணீராகும். மேற்பரப்பில் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் நாள்க்கணக்காக நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். ஆனால் சுவர் ஏன் அவ்வளவு குளிர்ந்து கிடந்தது? குளிரைத் தடுக்காத கொங்கிரீட்டால்தான். சூடாக்க மின்சாரம் வேணும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த பில்லைக் கட்ட ஏழைகளால் முடியுமா?

1975இல் குடியிருப்பாளர்கள் ஈரலிப்புக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார்கள். பலர் வாடகை கட்ட மறுத்தார்கள். ஒரு வீட்டில் பூஞ்சணம் எண்டால் பழக்கத்தைக் குறை சொல்லலாம். நூற்றுக்கணக்கான வீடுகளிலும் ஒரே நோய் எண்டால்? கடைசியில் சனத்தை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டி வந்தது. 1987இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மகாராணி திறந்து வைத்துப் பதினைந்தே வருசம்.

சட்டம் இவ்வளவு வேகமாக மாறேல்லை. 1985இல் வேல்ஸைச் சேர்ந்த ஒரு வழக்கில், நீராவி ஒடுங்கிப் பூஞ்சணம் பிடித்தாலும் கட்டடத்துக்குச் சேதமில்லாவிட்டால் அதைத் திருத்தும் கடமை வீட்டு உரிமையாளருக்கு இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் வாழ முடியாத வீடு, ஆனால் ‘பழுதில்லாத’ வீடு! 2018இல்தான், வாடகை வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்குப் புதுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவானது. பூஞ்சணத்துக்கு மேல் பெயின்ற் அடிக்கச் சொன்னதாகத் தகப்பன் சாட்சியம் சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே சமூக வீட்டு நிறுவனங்கள் ஆபத்தான ஈரலிப்பைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

கொழும்பின் வாடகை அறைகளில் குளிர்ச்சுவரைவிட மேல்மாடிக் குளியலறைக் கசிவும் ஒழுகுகிற கூரைத்தட்டும்தான் எங்கள் எதிரி. ஆனால் கேள்வி ஒண்டுதான்: தண்ணி எங்கேயிருந்து வருது? பெயின்ற் அடிக்க முதல் அதைக் கேட்போம். திகதியோடு படம் எடுத்து, எழுத்தில் அறிவிப்போம். முக்கியமாக, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பார்ப்போம். கோர்பல்ஸ் சனம் வென்றது அப்படித்தான்.