25 ரூபாய்ப் பங்கு

வ.உ.சி. என்றதும் பலருக்கும் செக்குதான் கண்முன் வருகிறது. சினிமா செய்த வேலை. எனக்கு அவர் பங்கு விற்ற கதைதான் முதலில் நினைவுக்கு வரும். வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டியே காலம் தள்ளியவன் அல்லவா!

தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழி அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்குப் போட்டியாகச் சுதேசிக் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலைக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

இந்த 25 ரூபாயில்தான் சூட்சுமம் இருக்கிறது. அன்றைய கூலிக்காரனுக்கு அது எட்டாத தொகை. ஆனால் ஒரு கடைக்காரரோ சம்சாரியோ கொஞ்சம் முயன்றால் புரட்டிவிடலாம். பெரிய மனிதர்களையும் விடவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஐந்தில் ஒரு பங்கு! அப்படி ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் தயங்குகிறவனும் பையைத் திறப்பான்.

வெறும் தேசபக்தியைச் சொல்லிக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான கட்டணம், நம் பிள்ளைகளுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் பயிற்சி, லாபத்தில் பங்கு என்று வியாபாரிக்குப் புரிகிற பாஷையிலும் பேசினார்கள்.

முதலில் ஓடியவை வாடகைக் கப்பல்கள். எதிர்க் கம்பெனி நெருக்கியதும் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறொன்றைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டே, சொந்தக் கப்பலுக்குப் பணம் திரட்ட வ.உ.சி. பம்பாய் வரை போனார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியவை.

என் மேஜைக்கு இந்த விண்ணப்பம் வந்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: "எதிரி கட்டணத்தைக் குறைத்தால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்?" அதுதான் நடந்தது. அவர்கள் ஒரு ரூபாய் ஆக்கினார்கள். இவர்கள் 8 அணா ஆக்கினார்கள். பிறகு அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். எத்தனையோ கடல்களில் கப்பல் விட்ட கம்பெனிக்கு ஒரு வழியின் நஷ்டம் பெரிதில்லை. இவர்களுக்கோ அந்த ஒரு வழிதான் பிழைப்பு.

ஆனாலும் கணக்கு மட்டும் கம்பெனியைக் கவிழ்த்தது என்று சொல்ல மாட்டேன். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பங்குதாரர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய ஆள் சிறையில். 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். காலியாவை விற்றார்கள். வாங்கியது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.