தர்பூசணிக்கு 76, சிப்ஸுக்கு 56... ஜி.ஐ. ஆப் காட்டும் நம்பரை அப்படியே நம்பலாமா?

வீட்டில் ஒருவருக்கு சுகர் இருக்குன்னு தெரிந்ததும் எழும் முதல் கேள்வி, "இனி எதைச் சாப்பிடலாம்?" என்பதுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உணவின் பெயரை டைப் செய்தால் அதன் ஜி.ஐ. அளவைக் காட்டும் மொபைல் ஆப்களும் நிறைய வந்துவிட்டன. சரி, அந்த நம்பரை எப்படிப் புரிஞ்சுக்கணும்?

ஜி.ஐ. என்றால் என்ன?

கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம்தான் ஜி.ஐ. மாவுச்சத்துள்ள ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் அளவு இது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் இதை அறிமுகப்படுத்தினார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்ற உணவுகளை ஒப்பிடுகிறார்கள்.

* 55 வரை – குறைவு
* 56 முதல் 69 வரை – நடுத்தரம்
* 70-க்கு மேல் – அதிகம்

சர்வதேசப் பட்டியலில் உள்ள சராசரிப்படி வெள்ளை அரிசிச் சோறு 73, சப்பாத்தி 52, வாழைப்பழம் 51, கொண்டைக்கடலை 28.

சிப்ஸ் நல்லதா அப்போ?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு 78, சிப்ஸ் 56. எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சிப்ஸுக்கு நம்பர் குறைகிறது. அதில் இருக்கும் கொழுப்பையும் உப்பையும் ஜி.ஐ. கணக்கில் எடுப்பதே இல்லை.

தர்பூசணிக்கு 76 என்றாலும் 120 கிராம் துண்டில் மாவுச்சத்து சுமார் 6 கிராம்தான். அதனால் ஆப்பில் 'ஜி.எல்.' என்று இருந்தால் அதையும் பாருங்க. கிளைசெமிக் லோட் எனும் இது, நாம் சாப்பிடும் அளவையும் சேர்த்துச் சொல்லும். ஜி.ஐ.-யை மாவுச்சத்துக் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஜி.எல். கிடைக்கும். 10 வரை குறைவு, 20-க்கு மேல் அதிகம். அந்தத் தர்பூசணித் துண்டுக்கு சுமார் 5 தான். 150 கிராம் சோற்றுக்கோ 30 வரை வரும்!

ஆப்பில் தேடும்போது...

* வெறும் 'அரிசி' என்று தேடாதீங்க. பச்சரிசியா, புழுங்கலா, பாசுமதியா என்பதைப் பொறுத்து அளவு மாறும்.
* எப்படிச் சமைத்தது என்று பாருங்க. குழைய வெந்த சோற்றுக்கும் நன்கு பழுத்த பழத்துக்கும் ஜி.ஐ. கூடும்.
* நம்பர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஆப் சொல்கிறதா என்று கவனிங்க. சிட்னி பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடி ஒப்பிடலாம்.
* ஆப் காட்டுவது தனி உணவுக்கான அளவு. சோற்றோடு பருப்பு, காய்கறி, முட்டை சேரும்போது சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

இவர்கள் உஷார்!

இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள் ஆப்பைப் பார்த்துத் திடீரென உணவைக் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவையும் தாங்களாக மாற்றக்கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வேகமாக ஏற்றும் உணவுதான் உயிர் காக்கும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒரே உணவு எல்லோருக்கும் ஒரே மாதிரி சர்க்கரையை ஏற்றாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடும் முன்பும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் சோதித்து, சாப்பிட்டதோடு சேர்த்துக் குறித்து வையுங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பைக் கையோடு கொண்டு போங்க.