இருப்புப்பாதை தேர்ந்த ஊர்

கள்ளக்குறிச்சிவாசி ஒருவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேற விரும்பினால், நெடுங்காலம் தாலுகா தலைநகராயிருந்து 2019 நவம்பர் முதல் மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்துவிட்ட தம் ஊரை விட்டு, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தென்மேற்கே சின்னசேலத்துக்குப் பிரயாணப்படுவதே தலைமுறை தலைமுறையாக வழக்கமாயிருந்து வந்திருக்கிறது. கச்சேரியும் கருவூலமும் ஓர் ஊரில், கைகாட்டி மரம் மற்றோர் ஊரில் என்னும் இந்த விசித்திரம் யாருடைய சூழ்ச்சியாலும் நேர்ந்ததன்று; தேசப்படத்தில் விரலை வைத்துப் பார்ப்பவர்க்கு விஷயம் எளிதில் விளங்கும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப்பாதையை 1929-க்குள் முடித்துவிட்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி, 1861-லேயே அகலப்பாதை எட்டிவிட்ட சேலத்தை விருத்தாசலத்தோடு மீட்டர் கேஜ் பாதையால் இணைக்க முற்பட்டபோது, ஆத்தூர்ச் சமவெளி வழியே கிழக்கே இறங்கி வந்த அப்பாதை, வடக்கே ஒதுங்கிக் கிடந்த கள்ளக்குறிச்சிக்காக வளையவில்லை. 1930-களின் தொடக்கத்தில் வண்டி ஓடத் தொடங்கிற்று. சின்னசேலம் ரயில் நிலையம் உள்ள ஊராயிற்று.

இதற்கு நேரெதிரான ஒரு கதையை இங்கிலாந்தின் தென்பகுதியில் காண்கிறோம். லண்டனிலிருந்து கடற்கரைப் பட்டணமாகிய பிரைட்டனுக்கு 1841-ல் பாதை போட்டபோது, குக்ஃபீல்ட், லிண்ட்ஃபீல்ட் என்னும் பழம்பெரும் ஊர்களின் பிரமுகர்கள் புகைவண்டி தங்கள் பக்கம் வரலாகாது என்று தடுத்தார்களென்றும், அதனால் நிலையம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஹேவர்ட்ஸ் ஹீத் என்னும் புதர்க்காட்டில் அமைந்ததென்றும் உள்ளூர்ச் சரித்திரம் கூறும். புதர்க்காடு நகரமாயிற்று. 1933 ஜனவரி முதல் தேதி அந்தப் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியபின், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஒரு மணி நேரப் பிரயாணமாகச் சுருங்கிவிட, காலையில் லண்டனுக்குப் போய் மாலையில் செடிகொடிகளுக்கு நடுவே திரும்பிவரும் உத்தியோகஸ்தர்களின் குடியிருப்பாகச் சுற்றுவட்டக் கிராமங்கள் உருமாறின. நம் நாட்டிலும் அதே காலத்தில், 1931-ல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. மாம்பலமும் குரோம்பேட்டையும் பல்லாவரமும் சீசன் டிக்கெட்டும் டிபன் கேரியரும் கையிலேந்திய குமாஸ்தாக்களின் ஊர்களாக வளர்ந்த வரலாறு அனைவரும் அறிந்ததே.

அப்படியாயின் ஏறக்குறைய அந்த மின்சார வண்டிகளின் சமகாலத்திலேயே ரயிலைப் பெற்ற சின்னசேலம் ஏன் ஒரு தாம்பரமாகவில்லை என்னும் கேள்வி எழுகிறது. ஒற்றைத் தண்டவாளப் பாதையின் சுபாவத்திலேயே அதற்கு விடை இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. இரும்புக் குண்டை உள்ளடக்கிய தோல்பை கட்டிய பெரிய வளையமொன்றை நிலையத்து ஊழியர் ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஊர்ந்து செல்லும் எஞ்சினிலிருந்து வெளியே சாய்ந்து தம் கையை அதனுள் நுழைத்து அதை வாங்கிக்கொண்டாலன்றி, அடுத்த நிலையம் வரையுள்ள தண்டவாளத்தில் கால் வைக்கும் உரிமை அந்நாளில் ஓட்டுநர்க்கு இருந்ததில்லை. எதிர்வண்டி வந்து சேரும்வரை இவ்வண்டி காத்துக் கிடக்கும். அத்தகைய பாதையில் நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடக்கூடும். தினந்தோறும் காலை பத்து மணிக்கு மேஜை முன் அமர வேண்டியவன் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே இங்கே ரயில் நித்தியப் பிரயாணத்துக்கன்று, விசேஷப் பிரயாணத்துக்கே பயன்பட்டது: கல்யாணத்துக்கு, வழக்குக்கு, ஜூன் மாதத்தில் அடுத்துள்ள மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருவிழாவுக்கு. இன்றளவும் இந்நிலையத்தில் மனிதரைக் காட்டிலும் கௌரவமாக வந்திறங்குவது உர மூட்டைதான்.

தினப்பிரயாணத்தைக் கைப்பற்றியது பஸ்ஸே. சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகமும் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் 1970-களில் தோன்றியபின், இரு ஜில்லாக்களின் எல்லையோரத்தில் அமைந்த சின்னசேலம், ஆத்தூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அன்றாடம் போய் வருவோரின் ஊராக மெல்ல மாறியது. உபாத்தியாயர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் கல்லூரி மாணவர்களும் படிக்கட்டில் ஒரு கால் வைத்துத் தொங்கிய அந்தப் பிரயாணத்தில் இங்கிலீஷ் கிராமத்தின் சுகம் ஏதுமில்லை. ஆனால் ஒரு வேறுபாடு நம் பக்கம் நிற்கிறது. அங்கே வயலுழைப்பு அருகி வீடுகள் நகரத்துச் சம்பளக்காரர் கைக்குப் போயின. இங்கோ, பஸ்ஸேறிச் சென்ற குமாஸ்தாவின் தம்பி அதே வீட்டிலிருந்து மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். ஒரு கூரையின்கீழ் இருவகை ஜீவனமும் நடந்தது.

இத்தனைக்கும், வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976-ல் அரசாங்கம் அம்மலையை ஏற்கும்வரை நீடித்தது. சமவெளியில் வண்டி ஓடத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஜாகிர்தார்க்கு வரி கட்டி வந்த மலையாளிப் பழங்குடியினருக்கு, காலையில் வேறோர் ஊருக்குப் போய்ச் சம்பளம் வாங்கி மாலையில் திரும்புவது என்பதே வேறோர் உலகத்தின் வழக்கமாயிருந்திருக்கும். ரயில் கொண்டுவந்த மாறுதலை மிகைப்படுத்திப் பேசும் நம் பத்திரிகைக்காரர்கள் இந்த மலையை ஒருமுறை கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம்.

மீட்டர் கேஜ் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் அகலப்பாதையாயிற்று. பின்னர் மின்கம்பியும் ஏறிற்று. சென்னை எழும்பூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் இரவு வண்டி இந்நிலையத்தில் நின்று செல்கிறது. கள்ளக்குறிச்சிக்கும் ஒரு கிளைப்பாதை வேண்டுமென்ற பழைய கோரிக்கை அனுமதி பெற்று, நிலமெடுப்பும் மண்வேலையுமாகப் பல ஆண்டுகள் மெதுவாக நடந்து வந்திருக்கிறது. அந்தக் கிளையும் சின்னசேலத்திலிருந்தே புறப்படுவதாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது.