முற்றத்திற்கு வந்த பள்ளி

எழுத்தறிவின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பள்ளிக் கட்டடங்களும் பாடநூல்களும் அரசாணைகளுமே. ஆனால் குழந்தையின் உள்ளத்தில் எழுத்தின்மீது ஆசை அரும்புவது பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்னரே. அது அரும்பும் இடம் வீடு. தாயின் பேச்சும் பாட்டியின் கதையும் தமக்கையின் சிலேட்டும் அதற்கு நீர் வார்க்கின்றன. அந்த வீட்டிலேயே எழுத்தறிந்தோர் எவரும் இல்லையெனில் என் செய்வது? குழந்தையை மட்டும் பிரித்தெடுத்துக் கற்பித்தால் போதுமா, அல்லது குடும்பம் முழுவதையும் அப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைச் செயலால் எதிர்கொண்ட சிலரின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வது நமக்குப் பயன் தரும்.

உரோமையில் ஒரு குடியிருப்பு

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள். உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், மார்சி தெருவிலிருந்த அடுக்குமனை ஒன்றின் அறையில், மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதன் பின்னணி மிக எளியது. இடிந்து சீரழிந்திருந்த அக்குடியிருப்புகளை வாங்கிப் புதுப்பித்த நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தலாமோ ஒரு சிக்கலைக் கண்டார். பெற்றோர் கூலிவேலைக்குச் சென்றபின் சிறு குழந்தைகள் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் தம் கைவண்ணத்தைக் காட்டினர். அவர்களைப் பகலெல்லாம் ஓரிடத்தில் வைத்திருந்தால் பழுதுபார்க்கும் செலவு மிச்சமாகும். அச்செலவைக் கொண்டே இல்லத்தையும் நடத்தலாம் என்பது அவரது கணக்கு. உலகப் புகழ்பெற்ற கல்விமுறை ஒன்று, சுவர்களைக் காக்கும் கவலையிலிருந்து பிறந்தது!

ஆயினும் அந்த இல்லத்தின் விதிகளை ஊன்றி நோக்கினால் அதன் தனித்தன்மை விளங்கும். மூன்று முதல் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். கட்டணம் ஏதுமில்லை. நடத்துநராகிய பெண்மணி அதே குடியிருப்பில் குடியிருக்க வேண்டும். தாய்மார் வாரம் ஒரு முறையேனும் அவரைக் கண்டு, குழந்தை வீட்டில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கூறி, அவரது அறிவுரையையும் கேட்டுச் செல்ல வேண்டும். ஆசிரியையின் வாழ்வு தாய்மாரின் கண்முன் திறந்த ஏடாக இருந்தது. தாய்மாரின் வாழ்வும் ஆசிரியைக்கு மறைவன்று. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற மதிலை அவ்விதிகள் பெருமளவு தகர்த்தன.

அதே விதிகளில் கடுமையும் இருந்தது. குளிக்காமலும் அழுக்காடையோடும் வரும் குழந்தைகளும், நடத்துநரை மதியாத பெற்றோரின் குழந்தைகளும் விலக்கப்படுவர் என்று சுவரில் ஒட்டப்பட்ட தாள் அறிவித்தது. குடும்பத்தின் பங்கேற்பு அங்கே வாடகைக் குடியிருப்பின் ஒப்பந்தத்தைப் போன்றதொரு கடமை. ஏழையின் அழுக்கு அவனது குற்றமா, அவனது வறுமையா என்னும் வினா அத்தாளில் இடம்பெறவில்லை. இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில் இதே வினா பிற்காலத்தில் வேறொரு மண்ணில் வேறொரு விடையைப் பெற்றது.

தாய்மார் கேட்ட வரம்

மாண்டிசோரி முதலில் எழுத்துக் கற்பிக்க எண்ணவில்லை. அத்துணை இளம் வயதில் எழுத்து ஆகாது என்பது அக்கால அறிஞர் பலரின் கருத்து. அவரும் அதற்கு இசைந்தேயிருந்தார். அவர் மனத்தை மாற்றியவர்கள் தாய்மார்களே. தாமே எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்கள் சிலர் ஒன்றுகூடி வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுத் தருமாறு வேண்டினர். தமக்குக் கிட்டாத ஒன்றைத் தம் பிள்ளைகளுக்குக் கேட்ட அவ்வேண்டுகோளை அவரால் தட்ட இயலவில்லை.

மரத்தில் எழுத்துகளைச் செதுக்கித் தருவோர் கிட்டாமையால், உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் அவற்றின் வடிவத்தை விரலால் தடவி, ஒலியை வாயால் சொல்லிப் பழகினர். திசம்பர் மாதத்தில் ஒரு நாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் புகைபோக்கியின் படத்தை வரைந்தான். பின்னர், எவரும் கேளாமலே, ‘கை’ என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லை எழுதினான். அடுத்துப் ‘புகைபோக்கி’ என்றும் ‘கூரை’ என்றும் எழுதி, “நான் எழுதுகிறேன்!” என்று கூவினான். ஏனைய குழந்தைகளும் சூழ்ந்துகொண்டு எழுதலாயினர்.

விரலால் எழுத்தைத் தீட்டிப் பழகுவது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே அரிச்சுவடி கற்றனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், அவ்வழக்கத்தைக் கண்டு வியந்து தம் இல்லத்தில் கைக்கொண்டார்; 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். உப்புத்தாளும் ஆற்றுமணலும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: எழுத்து கண்ணுக்கு வருமுன் கைக்கு வரலாம்.

கடல் கடந்த வித்து

மாண்டிசோரியின் கருத்துகளை நூல்களின் வாயிலாகக் கற்று, அவற்றை இந்திய மண்ணுக்கேற்ப மாற்றியவர் குசராத்தின் கிஜுபாய் பதேகா. வழக்குரைஞராக இருந்த அவர், 1920-இல் பாவ்நகரில் ‘பால மந்திர்’ என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். கதையும் பாட்டும் நாடகமும் அப்பள்ளியின் உயிர்மூச்சு. அவர் 1939 ஜூனில் மறைந்தார். அவர் போற்றிய மாண்டிசோரி, தம் 69-ஆம் வயதில் இந்திய மண்ணில் கால் வைத்தது அதே ஆண்டு நவம்பரில்.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அம்மையார் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகை நாட்டினராகக் கருதப்பட்டு நடமாட்டத்திற்குத் தடை விதிக்கப்பட்டார். மகன் மாரியோ சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். எனினும் அவரது முறை நம் நாட்டில் மெல்ல மெல்ல வசதி படைத்தோரின் பள்ளிகளுக்கே உரியதாயிற்று. சான் லொரென்சோவின் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, கட்டணம் செலுத்த வல்லார்க்கு உரியதானது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

போர்டியின் முற்றங்கள்

அம்முரணை உடைக்க முயன்றவர் தாராபாய் மோடக் அம்மையார் (1892–1973). கல்லூரி முதல்வர் பொறுப்பைத் துறந்து 1923-இல் கிஜுபாயுடன் இணைந்த அவர், 1926-இல் குழந்தைக் கல்விக்கென ‘நூதன் பால் சிட்சண் சங்கம்’ தோன்றக் காரணமானார். பின்னர் பம்பாயில் பணியாற்றிய அவர், குழந்தைக் கல்வி ஏழைக் கிராமத்தில் நிலைக்குமா என்று சோதிக்க விரும்பி, 1945-இல் அன்றைய தானா மாவட்டத்தின் கடலோரச் சிற்றூராகிய போர்டிக்குச் சென்றார். இளமையிலேயே மணமாகிச் சில மாதங்களில் கணவரை இழந்து, தம் முயற்சியால் கற்று ஆசிரியையான அனுதாய் வாக் (1910–1992) அவருடன் சேர்ந்தார்.

ஊரின் நடுவே பள்ளி அமைத்தாயிற்று. ஆனால் எவருக்காக அமைத்தார்களோ அவர்களின் பிள்ளைகள் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் சேரியிலிருந்தும் பழங்குடியினரின் குடிசைகளிலிருந்தும் வருவதற்குத் தொலைவு ஒரு தடை. அச்சம் மற்றொரு தடை. இங்கேதான் தாராபாய் உரோமையின் விதியைத் தலைகீழாக்கினார். குழந்தை பள்ளிக்கு வரவில்லையெனில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்றார். ஆசிரியைகள் குடிசைகளைத் தேடிச் சென்று, அங்கிருந்த முற்றத்திலேயே பிள்ளைகளைக் கூட்டினர். குளிக்காத குழந்தை விலக்கப்படவில்லை. அதனைக் குளிப்பாட்டித் தலைவாரி நகம் வெட்டுவதே முதற் பாடமாயிற்று. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் விதைகளும் இலைகளும் எண்ணவும் வகைப்படுத்தவும் பயன்பட்டன.

முற்றத்தில் நடப்பது வீட்டாருக்கு மறைவாக இருக்க இயலாது. அடுப்படியில் இருக்கும் தாயின் காதில் பாட்டு விழுகிறது. திண்ணையில் இருக்கும் பாட்டியின் கண்ணில் எழுத்து படுகிறது. குடும்பத்தைக் கல்வியில் சேர்ப்பதற்கு இதனினும் இயல்பான வழி வேறேது?

1957-இல் அவர்களது பணி வார்லி பழங்குடியினர் வாழும் கோசுபாடு குன்றுப் பகுதிக்கு மாறியது. அங்கே மற்றொரு தடை தென்பட்டது. மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. ஏனெனில் அவள் இடுப்பில் தம்பி இருந்தான். அண்ணனும் வரவில்லை, ஏனெனில் அவன் மாடு மேய்க்கச் சென்றிருந்தான். ஆகவே கைக்குழந்தைகளின் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் இணைத்தனர். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடத்தினர். இத்தகைய பணியை நடத்துவோர் முதலில் கணக்கெடுக்க வேண்டியது பிள்ளைகளின் வயதை அன்று. அவர்களது வேலைகளை என்பதே கோசுபாடு கற்பிக்கும் பாடம்.

பெயரும் பொருளும்

‘அங்கன்’ என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்கள் ‘அங்கன்வாடி’ எனப் பெயர் பெற்றன. அப்பெயரில் போர்டியின் நினைவு ஒலிக்கிறது. தமிழகத்தில் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளி வயதை எட்டாத சிறார்க்குச் சோறிட்டது. நம் ஊர்களில் மக்கள் அம்மையங்களைப் ‘பால்வாடி’ என்றே அழைக்கின்றனர். ‘பால’ என்னும் சொல் அங்கே குழந்தையைக் குறிப்பினும், நம் எளிய தாய்மார் அதனை உண்ணும் பாலாகவே செவிமடுத்தனர். அதுவும் பிழையன்று, பசித்த குழந்தைக்கு எழுத்து ஏறாது.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயரில் முற்றம் இருக்கிறது. நடைமுறையில் அது எங்கே? தனியார் மழலையர் பள்ளிகளின் வாயிலில் தாய் நின்றுவிடுகிறாள். குழந்தை மட்டும் உள்ளே செல்கிறது. அங்கன்வாடியிலோ ஒரே பணியாளர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, சத்துமாவு வழங்கி, எஞ்சிய நேரத்தில் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கையெழுத்திடத் தெரியாத தாய், தன் பிள்ளையின் ஏட்டைத் திறந்து பார்க்கவும் கூசுகிறாள். தனக்கு அதில் பங்கில்லை என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. ஆயினும் மூடிய கதவு அதனைச் சொல்லாமல் சொல்கிறது.

சான் லொரென்சோவிலும் போர்டியிலும் பெரும் பணம் இருந்ததில்லை. இருந்தவை இரண்டே: குடும்பத்தோடு அமர்ந்து பேச ஒருவருக்கு நேரம்; குடும்பத்தின் வாசலுக்குச் செல்ல ஒருவருக்கு மனம். எழுதத் தெரியாத தாய்க்கும் கதை தெரியும், பாட்டுத் தெரியும், விடுகதை தெரியும். அவையே எழுத்தறிவின் முதல் முதலீடு. வாரம் ஒரு மணி நேரம் அவளை உள்ளே அழைத்து, குழந்தைகள் நடுவே அமர்த்தி, அவளறிந்த கதையைச் சொல்லச் செய்து, அக்கதையை எழுதி அவள் கையில் கொடுக்கும் ஒரு மையம் நம் ஊரில் இருக்குமாயின், தாராபாய் கண்ட முற்றம் அங்கே மீண்டும் திறக்கும்.

உரோமையின் ஏழைத் தாய்மார் அன்று கேட்டது தம் பிள்ளைகளுக்கு எழுத்தை மட்டுமே. அதனைக் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. நம் ஊரின் தாய்மார் கேட்பதற்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?