மிதிவண்டி விபத்துக்குப் பின் குழந்தைக்கு வயிற்றுவலியா? கணையப் போலி நீர்க்கட்டி: காரணங்களும் சிகிச்சையும்

பெங்களூரு: மிதிவண்டியிலிருந்து விழும் குழந்தையின் வயிற்றில் கைப்பிடி குத்தினால், வெளியே சிறு சிராய்ப்பு மட்டுமே தெரியலாம். ஆனால், முதுகெலும்பின் மீது நசுங்கிய கணையம் உள்ளே கசியத் தொடங்கியிருக்கக்கூடும். சில வாரங்கள் கழித்து மேல்வயிற்று வலி, வாந்தி, சிறிது உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு ஆகியவை தோன்றினால், அது கணையப் போலி நீர்க்கட்டியாக இருக்கலாம்.

'போலி' என்பது ஏன்?

உண்மையான நீர்க்கட்டிக்குத் தனி உட்படலம் உண்டு. இதற்கு அது இல்லை. கசிந்த செரிமான நீரைச் சுற்றி நார்த்திசு சுவராக உருவாகிறது. அச்சுவர் முதிர்வதற்குப் பொதுவாக 4 வாரங்களுக்கு மேல் ஆகும்.

காரணங்கள்

வயிற்றில் படும் அடியே குழந்தைகளிடம் முக்கியக் காரணம். கணைய அழற்சி, பித்தக்கற்கள், பிறவிக் குறைபாடுகள், மரபணு மாற்றங்கள் ஆகியவற்றாலும் இது ஏற்படலாம். இரத்தப் புற்றுநோய்க்கான அஸ்பாராஜினேஸ், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகிய மருந்துகளும் சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும்.

சிகிச்சை

அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் கட்டி தெரியவரும். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கணைய நாளத்தின் நிலையைக் காட்டும். பல கட்டிகள் தாமாகவே கரைந்துவிடுவதால், வலி நிவாரணம், முறையான ஊட்டச்சத்து, தொடர் ஸ்கேன் ஆகியவற்றுடன் காத்திருப்பதே முதல் வழி. 6 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ 6 வாரங்கள் நீடித்தாலோ அறுவை சிகிச்சை என்ற பழைய விதி இப்போது கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதில்லை. வலி தொடர்ந்தாலோ, கட்டி வளர்ந்தாலோ, தொற்று அல்லது அடைப்பு ஏற்பட்டாலோ நீர் வெளியேற்றப்படும்.

எண்டோஸ்கோபி வழியாக இரைப்பைக்கும் கட்டிக்கும் இடையே ஸ்டென்ட் பொருத்தும் முறையில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அது இயலாதபோது லேப்ராஸ்கோபி அல்லது திறந்த அறுவை சிகிச்சை மூலம் கட்டி இரைப்பையுடன் இணைக்கப்படும். தோல் வழியே குழாய் செலுத்தியும் நீரை எடுக்கலாம். ஆனால், கணைய நாளம் சிதைந்திருந்தால் கசிவு நீடிக்கும் அபாயம் உண்டு.

எனவே ஸ்கேன், எண்டோஸ்கோபி, குழந்தைகள் அறுவை சிகிச்சை ஆகிய பிரிவுகள் இணைந்து முடிவெடுப்பது அவசியம். பெங்களூருவில் கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனமான இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையத்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது.

பெற்றோர் கவனத்திற்கு

காய்ச்சல், கடும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, கருநிற மலம், மஞ்சள் காமாலை ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில வாரங்களுக்கு முன் குழந்தை விழுந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.