தலையாட்டினா 'ஆமா'வா, 'இல்லை'யா? நாடு மாறினால் அர்த்தமும் மாறுது.. எப்படி?

"நாளைக்குள்ள வேலை முடிஞ்சிடுமா?" என்று வெளிநாட்டு மேலாளர் கேட்கிறார். நம்ம ஊர் ஊழியர் தலையை இரண்டு பக்கமும் லேசாகச் சாய்த்து ஆட்டுகிறார். நம் கண்ணுக்கு அது 'சரிங்க சார்'. ஆனா மேலாளருக்கு அது 'முடியாது' மாதிரியும் தெரியும், 'பார்க்கலாம்' மாதிரியும் தெரியும்.

பல்கேரியாவில் எல்லாமே தலைகீழ்

ஐரோப்பிய நாடான பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. மேலும் கீழுமாக அசைத்தால் 'இல்லை'. காபி இருக்கான்னு கேட்ட வெளியூர்க்காரர், கடைக்காரர் தலையசைத்ததை நம்பி உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்! வெளிநாட்டவர் என்று தெரிந்தால், அவருக்காக சில பல்கேரியர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றியும் ஆட்டுவார்கள். குழப்பம் டபுள்.

சரி, வாயால கேட்டுக்கலாம்னு பார்த்தா, அங்கே 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை. எல்லை தாண்டி கிரீஸுக்குப் போனால் 'நே' என்றால் ஆமாம்! கொரிய மொழியிலும் 'நே' ஆமாம்தான்.

கிரீஸ், துருக்கியில் தலையைப் பின்பக்கம் சட்டென உயர்த்தி நாக்கால் 'ச்சு' கொட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். நாம யாருக்காவது பரிதாபப்படும்போதும் இதே 'ச்சு'தானே கொட்டுறோம்?

'ஹாய்' சொன்னா சம்மதமா?

ஜப்பானியர் பேச்சின் நடுவே 'ஹாய்.. ஹாய்' என்பார். அதற்கு 'ஆமாம்' என்று பொருள் உண்டு. ஆனா பல நேரம் 'நீங்க சொல்றதைக் கவனிச்சுட்டு இருக்கேன்' என்பது மட்டும்தான். அதை சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தால் பிறகு சிக்கல்.

ஆபத்தான கேள்வி எது?

"பணம் வரலையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, வரல" என்போம். ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் இதே வழக்கம்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'நோ' என்றுதான் பதில் வரும். அதாவது நாம் கேள்வி சரி என்கிறோம், அவர்கள் பணம் இல்லை என்கிறார்கள்.

இதையே ஆஸ்பத்திரியில் யோசித்துப் பாருங்க. "உங்களுக்கு எந்த மருந்தும் அலர்ஜி இல்லையா?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார். நோயாளி தமிழில் யோசித்து 'யெஸ்' என்கிறார். அலர்ஜி இல்லை என்கிறாரா, இருக்கு என்கிறாரா? விமான நிலையம், விசா நேர்காணல், வங்கி போன்கால் எல்லாவற்றிலும் இதே சிக்கல் வரும்.

என்ன செய்யலாம்?

'யெஸ், நோ'வோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்க. "எனக்கு அலர்ஜி இல்லை" என்றால் தவறாகப் புரிய வழியே இல்லை. கேட்பவரும் 'இல்லையா?' என்பதற்குப் பதில் 'இருக்கா?' என்று கேட்கலாம். மருத்துவத்தில் 'டீச் பேக்' என்று ஒரு முறை உண்டு. மாத்திரையை எப்போ, எத்தனை சாப்பிடணும்னு நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பார்கள்.

திருப்பூர் மாதிரி ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குபவர்களுக்கும் இது உதவும். "புரிஞ்சுதா?" என்றால், புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டி விடுவார்கள். மெஷினைக் காட்டி, "முதல்ல எந்த சுவிட்சை ஆஃப் பண்ணுவ தம்பி?" என்று கேளுங்க. வாயால் சொல்ல வராவிட்டாலும் விரலால் தொட்டுக் காட்டுவார்.