காருக்குள் போய்வந்த ஆடிக்காற்று

அரபிக்கடலில் புறப்பட்ட தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிக் கிழக்கே வருகிறது. அம்பாசமுத்திரத்தையும் சேரன்மகாதேவியையும் தாண்டித் திருநெல்வேலிக்கு வந்து சேரும்போது அது வெறும் காய்ந்த ஆடிக்காற்று. அதில் ஒரு பங்கு, பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் பெட்ரோல் கார் ஒன்றின் முன்புறக் குழாய்க்குள் போகிறது.

ஒரு பங்கு என்றால் கொஞ்சமில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. திருச்செந்தூர் வரை நாலு லிட்டர் பெட்ரோல் பிடிக்கிறது என்று வைத்தால், பெரிய தண்ணீர் லாரிகள் மூன்று நிறையும் அளவுக்குக் காற்று அந்த எஞ்சினுக்குள் போய்வருகிறது. பெட்ரோல் விலையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற நாம் இந்தக் காற்றை நினைப்பதே இல்லை.

அதை முதலில் எதிர்கொள்வது ஏர் ஃபில்டர். மடித்து மடித்து வைத்த தாள்தான். ஆடியில் சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் ஓடிய வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டிப் பாருங்கள். மடிப்புகளுக்குள்ளிருந்து தேரிமண் செக்கச்செவேலென்று உதிரும். அந்த மண் உள்ளே போனால் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துவிடும். இன்ஜின் ஆயில் மேலேறி எரியும். பின்னால் புகை தள்ளும்.

ஃபில்டரைத் தாண்டியதும் சில வண்டிகளில் சூடான மெல்லிய கம்பி ஒன்று குறுக்கே நிற்கிறது. ஓடுகிற காற்று கம்பியைக் குளிரவைக்கும். அதன் சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்பதை வைத்து, எவ்வளவு காற்று போனது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பல சிறிய கார்களில் கம்பி கிடையாது. குழாயின் அழுத்தத்தை அளந்தே கணக்கு. அடுத்து த்ராட்டில். ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் நம் கால் திறந்துவிடுவது காற்றின் பாதையிலுள்ள ஒரு வட்டத் தகட்டை. வந்த காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைப் பீய்ச்சுவது கம்ப்யூட்டரின் வேலை.

சிலிண்டருக்குள் பிளக் பொறி தட்டியதும் சூடு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். எதோடும் எளிதில் சேராத அது, இந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு ஆக்சைடாகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும் இருக்கும். அரைகுறையாக எரிந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு பிறக்கும்.

இந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து, மதுரையிலிருந்து பஸ் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், பஸ்ஸில் பொருத்தும் கரிவாயுக் கருவியைத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று அதற்குப் பெயர். இப்படிப்பட்ட கருவிகளில் ஒரு இரும்பு டிரம்முக்குள் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கும். அதற்குள் காற்றைக் குறைவாக இழுத்தால் கரி முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடாக மாறி வெளியே வரும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலையும் கரித்தூளையும் வடிகட்டி, மேலும் காற்று கலந்து எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். பெட்ரோல் கொடுத்த இழுவை கிடைக்கவில்லை. ஆனாலும் வண்டி ஓடியது. அன்று எரிபொருளாக எஞ்சினுக்குள் போன அதே வாயுவைத்தான் இன்று சைலன்சர் குழாயில் அழிக்கப் பாடுபடுகிறோம். நிறமும் மணமும் இல்லாத அது, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொல்லும்.

அழிக்கும் இடம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தகர டப்பாவுக்குள் பீங்கான் கட்டி. அதில் நுண்ணிய துளைகள். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. ஏறத்தாழ 300 டிகிரி சூடேறிய பிறகு, கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. பெட்ரோல் ஆவி நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மறுபடி நைட்ரஜனாகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் அந்த 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதற்காகக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து, மிச்ச ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முன்னால் ரப்பர் குழாயில் ஒரு விரிசல் விழுந்து, அளக்கப்படாத காற்று நுழைந்தால் இந்தக் கணக்கு முழுவதும் கெடும்.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் இந்த டப்பா கட்டாயமானது. ஈயம் பட்டால் பூச்சு பாழாகும். அதனால் கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரு கட்டிங் மெஷின் பத்து நிமிடத்தில் வீணாக்கிவிடும்.

"அண்ணாச்சி, வண்டி இழுக்கல்லன்னா அந்த டப்பாவ வெட்டிட்டு நேர் பைப் போட்டுருவோமா?" என்று ஒர்க் ஷாப்பில் யாராவது கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். காற்று வந்த வழியிலேயே பார்க்கச் சொல்லுங்கள்: ஃபில்டர், ரப்பர் குழாய், த்ராட்டில், பிளக், ஆக்சிஜன் சென்சார். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். கன்வெர்ட்டரே அடைத்திருந்தால் வேறு கன்வெர்ட்டர் போடுங்கள். செலவுதான், ஆனாலும் போடுங்கள். அந்தக் குழாயிலிருந்து வருவதைச் சுவாசிக்கப்போவது ஸ்ரீவைகுண்டத்திலும் குரும்பூரிலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள்.